இருபத்தைந்தாவது அலைவு

எங்கள் பள்ளியில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வந்திருக்கிறது. விரலால் தொட்டால் படம் ஓடுகிறதாம். இப்போது அங்கே இயற்பியல் நடத்தும் இளம் ஆசிரியை வீடு தேடி வந்து, “அந்தக் காலத்துல நீங்கதான் சார் மொதல்ல வீடியோ போட்டு நடத்துனீங்களாமே, ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். பக்கத்துக்கு எத்தனை வரி, வரிக்கு எத்தனை சொல் என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை. பதில் கிடைக்காததால் இது இரண்டு பக்கத்தைத் தாண்டினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

படித்தது, பயிற்சி பெற்றது, மூன்று ஊர்களில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தது எல்லாம் யாருக்கும் உள்ள கதைதான். காஞ்சிபுரத்தில் இந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து. ஓய்வு பெறும்வரை இருபத்து மூன்று ஆண்டுகள் இங்கேயே இருந்தேன். மாணவிகள் எனக்கு ‘எண்ணிக்கை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “எண்ணிக்கை வருதுடி” என்று வராந்தாவில் கிசுகிசுப்பது என் காதில் விழும். எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் நான் அறிவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு வி.சி.ஆரும் முப்பத்தொரு வீடியோ கேசட்டுகளும் வந்து இறங்கின. நான்கு கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஓடக்கூடிய இருபத்தேழில் அறிவியல் பதினொன்று, கணிதம் ஒன்பது. மிச்சம் ஏழும் மரம் நடுவது, கை கழுவுவது பற்றியவை. எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பாளன். வேறு யாரும் கை தூக்கவில்லை.

அப்போது எங்கள் தலைமையாசிரியை சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். மூன்று தலைமுறையாகப் பாடம் சொல்லும் வைணவக் குடும்பம். பட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, பணிக்காலம் முழுவதும் நூல் புடவைதான் கட்டினார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது குறையோடு அறைக்குள் வந்தால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி, மேசை விளிம்புக்கு இணையாக வைத்துவிட்டு, “சொல்லுங்கோ” என்பார். பேனா மூடியிருக்கும்வரை நாம் பேசலாம். அவர் மறுபடி பேனாவைத் திறந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று பொருள். திறந்த பிறகு பேசியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே வருத்தப்பட்டார்கள்.

வீடியோவுக்கு அவர் நான்கு விதிகள் வைத்தார். பெட்டியின் சாவி அவர் கைப்பையில் இருக்கும்; கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். போடுவதற்கு முன்னும் பின்னும் வி.சி.ஆரில் தெரியும் நாடா எண்ணைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். எந்தப் படத்தையும் ஆசிரியர் தனியாக இரண்டு முறை பார்த்த பிறகே வகுப்புக்குக் காட்ட வேண்டும். நான்காவது விதி, படம் முடிந்ததும் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். முதல் நாள் நான் போய், “ஐம்பத்து மூணு பேர் பாத்தாங்க மேடம்” என்றேன்.

“சரி. புரிஞ்சுண்டவா எத்தனை பேர்?” என்றார்.

அந்த எண் என்னிடம் இல்லை.

படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் எடுத்தவை. பேச்சு ஆங்கிலம், அதுவும் மூக்கால் பேசும் ஆங்கிலம். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். “சத்தத்தை நிறுத்திட்டு நீங்களே பேசுங்கோ சார்” என்றார் தலைமையாசிரியை. அன்றிலிருந்து கோட்டுக்காரர் வாயசைக்க, நான் தமிழில் பேசினேன். அவர் எப்போது நிறுத்துவார், எப்போது கை நீட்டுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கட்டத்துக்கு மேல் அவர்தான் எனக்காக வாயசைக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

அறையை இருட்டாக்க ஆறு ஜன்னல்களிலும் புடவைக் கடை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டினோம். பதினான்கு பெட்டிகள் பிடித்தன. காற்று வராது. மின்சாரம் போனால், போன இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும் என்பதற்காக எண்ணைப் பார்த்துவைப்பேன். வி.சி.ஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்ய, பேருந்து நிலையத்துப் பக்கம் கடை வைத்திருந்த பாஷா பாயைக் கூப்பிடுவேன். அதற்கு முன்பு பல வருடம் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர் அவர். நாற்பது மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

“இன்னா சார், போன மாசந்தானே தொடச்சேன்?”

“நாற்பது மணி ஆச்சு பாய்.”

“சார், இது மிஷினு சார், உங்க புள்ள இல்ல. கொஞ்சம் அழுக்கா இருந்தாலும் ஓடும்.”

அந்தப் பதினொரு அறிவியல் கேசட்டுகளில் எனக்குப் பிடித்தது ஒன்பதாம் எண் கேசட், தனி ஊசல். ஒரு மீட்டர் நூலில் ஓர் இரும்புக் குண்டு. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக அது இருபத்தைந்து முறை போய்த் திரும்பும். பக்கத்தில் கோட்டுக்காரர் நின்று விரல் மடக்குவார். ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு. ஒரு மீட்டர் ஊசலின் அலைவுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி. இருபத்தைந்துக்கு ஐம்பது. அதிலிருந்து பூமி எந்த அளவுக்கு இழுக்கிறது என்பதைக் கணக்கிடலாம், 9.8 வரும். எங்கள் ஆய்வகத்தில் அப்போது உருப்படியான குண்டு ஒன்றுதான், ஓடும் ஸ்டாப் வாட்சும் ஒன்றுதான். ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி அளக்க வைக்க மூன்று வாரம் ஆகும். கேசட்டில் ஒரே ஊசல், ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில்! இது என் யோசனை. மூன்று ஆண்டுகள் பிளஸ் ஒன் வகுப்புக்கு அதைப் போட்டு, குண்டு நிற்கும்போது “ஐம்பது விநாடி” என்று நானே சொன்னேன். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஐம்பது என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் ஆண்டு ஆய்வகத்துக்குப் புதிதாக ஆறு ஸ்டாப் வாட்சுகள் வந்தன. வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வாட்ச் கொடுத்து, இந்த முறை நீங்களே அளந்து எழுதுங்கள் என்றேன். நான்கு முறை படத்தைப் போட்டேன். மறுநாள் நோட்டுகள் வந்தன. ஐந்து குழுவினரும் ஐம்பது. ஆறாவது குழு நாற்பத்தெட்டு.

ஆறாவது குழுவில் வாட்ச் பிடித்தவள் தனலட்சுமி. பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா நெசவு. அம்மா தெருவில் உள்ள தறிகளுக்கெல்லாம் பாவு பிணைக்கப் போகிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது, அதன் முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒன்றுக்கு ஒன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டுத் திருகிச் சேர்க்கும் வேலை அது. ஒரு புடவை அகலத்துக்கு ஆயிரக்கணக்கான இழைகள். விடுமுறை நாட்களில் மகளும் கூட உட்கார்வாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

“என்னம்மா இது, நாப்பத்தெட்டு?”

“நாப்பத்தெட்டுதான் சார் வந்துச்சு.”

“மத்த அஞ்சு குரூப்புக்கும் அம்பது. உனக்கு மட்டும் பூமி ஜாஸ்தியா இழுக்குதா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“தெரியாது சார். நான் எண்ணிக்கினேதான் இருந்தேன். நாலு வாட்டியும் நாப்பத்தெட்டுதான்.”

“எண்ணத் தெரியலன்னா, தெரியலன்னு ஒத்துக்கணும்.”

இந்த வாக்கியத்துக்கு அவள் முகம் மாறியது நினைவிருக்கிறது. நாற்பத்தெட்டின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ‘மீண்டும் செய்க’ என்று எழுதினேன். அவள் குழுவில் மற்றவர்கள் அன்று மாலையே ஐம்பது என்று மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தனலட்சுமி மாற்றவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே கொண்டுவந்தாள். மூன்றாம் முறை நோட்டுக்குள் ஒரு துண்டுத் தாள் இருந்தது. நான்கு அளவுகள்: 48.1, 48.2, 48.0, 48.2. எண்ணத் தெரியாதவள் இப்படி எழுத மாட்டாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பிடிவாதம் என்றுதான் தோன்றியது.

ரெக்கார்டில் எல்லாப் பக்கமும் கையெழுத்தாகாத மாணவி ஆண்டு இறுதிச் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அது பள்ளியின் கண்டிப்பான விதி. கெடு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு. வியாழக்கிழமை அவளுடைய வகுப்பாசிரியை என்னிடம் வந்து, “சார், அந்தப் பொண்ணு இந்த வருஷம் ஃபெயிலானா படிப்ப நிறுத்திடறதுன்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்களாம். அரையாண்டுல ஏற்கெனவே இங்கிலீஷ் போச்சு. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார். ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும், அவள்தான் மாட்டேன் என்கிறாள் என்றேன். வகுப்பாசிரியை நேராகத் தலைமையாசிரியையிடம் போய்விட்டார்.

வெள்ளி காலை எனக்கும் தனலட்சுமிக்கும் அழைப்பு வந்தது. தலைமையாசிரியை பேனாவை மூடி, மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

“சொல்லுங்கோ சார்.”

நான் சொன்னேன். ஐந்து குழு, ஐம்பது. ஒரு குழு, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டை வைத்துக் கணக்கிட்டால் 10.7 வருகிறது; உலகத்தில் எங்கும் அப்படி இல்லை.

“நீங்க எண்ணினேளா?”

“மூணு வருஷமா இதே படம்தான் மேடம்...”

“அதைக் கேக்கலை. வாட்சைக் கையில பிடிச்சுண்டு நீங்க எண்ணினேளா?”

பள்ளியில் உள்ள படிகள் எண்பத்தாறு. மேசைகள் இருநூற்றுப் பதினொன்று. ஊசல் ஆடும்போது மட்டும் நான் பேசிக்கொண்டிருந்தேன். “இல்லை மேடம்” என்றேன். சொல்லிவிட்டு, “அந்த ஒரு வாட்ச் மெதுவா ஓடியிருக்கலாம்” என்று சேர்த்தேன்.

தனலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வாட்ச் வேணாம் மேடம். எண்ணவும் வேணாம். பிணைச்சுப் பாத்துட்டா தெரிஞ்சுடும்.”

“என்னம்மா சொல்றே?”

“பாவு பிணைக்கிறப்போ எங்கம்மா எண்ண மாட்டாங்க மேடம். அவ்ளோ இழைய யாரால எண்ண முடியும்? ஒண்ணுக்கு ஒண்ணா சேத்துக்கினே போவாங்க. கடைசில ஒரு இழை மீந்துச்சுன்னா, கை தப்பியிருக்கணும், இல்லாட்டி பாவே தப்பா இருக்கணும். ஒரு தடவ பிரிச்சுப் பாப்பாங்க. கை தப்பலன்னா, அப்புறம் பாவுதான். சார் என் கைதான் தப்புன்றாரு. டிவில ஆடுற குண்டையும் நம்ம லேப் குண்டையும் பிணைச்சுப் பாக்கலாம்.”

தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தார். பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். மணி பத்தேகால்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆய்வகக் குண்டைத் தொங்கவிட்டோம். நூலின் நீளத்தை மூன்று முறை அளந்தேன். தனலட்சுமி நான்காவது முறை அளந்தாள். சரியாக ஒரு மீட்டர். கரும்பலகைக்கு முன் இரண்டு மாணவிகள் நின்றார்கள். ஒருத்தி டிவியை மட்டும் பார்ப்பாள். அங்கே ஒவ்வொரு அலைவு முடியும்போதும் மேலே ஒரு கோடு போடுவாள். இன்னொருத்தி நம் குண்டை மட்டும் பார்த்துக் கீழே கோடு போடுவாள். டிவி குண்டு ஓரத்துக்கு வந்த கணத்தில் தனலட்சுமி கையிலிருந்த குண்டை விட்டாள்.

முதல் மூன்று நான்கு அலைவுகள் இரண்டும் சேர்ந்துதான் போயின. பார்த்தீர்களா என்பதுபோல் நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன். என் உதடுகள் அசைந்திருக்க வேண்டும். “எண்ணாதீங்க சார்” என்றாள் தனலட்சுமி. பிறகு டிவி குண்டு கொஞ்சம் முந்தியது. இன்னும் கொஞ்சம். பாதி தாண்டும்போது டிவியில் குண்டு இடப்பக்கம் போக, பக்கத்தில் நம் குண்டு வலப்பக்கம் போனது. பின்தெருத் தறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. கோட்டுக்காரர் கடைசி விரலை மடக்கியபோது, முதலில் கிளம்பியதுபோலவே இரண்டு குண்டுகளும் ஒன்றாக ஓரத்துக்கு வந்து நின்றன. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் பிரிந்ததே தெரியாது. மூன்று ஆண்டுகளாக நான் அப்படிப்பட்டவன்தான்.

தனலட்சுமி சாக்பீஸை எடுத்து, மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போனாள். கடைசியில் மேல் வரிசையில் ஒரு கோடு ஜோடியில்லாமல் நின்றது.

“கை தப்பியிருக்கலாம்” என்றார் தலைமையாசிரியை. “இன்னொரு தடவை போடுங்கோ.”

இன்னொரு தடவை போட்டேன். கோடு போடும் பெண்களை மாற்றினோம். மறுபடியும் மேலே ஒன்று மீந்தது.

“அப்போ பாவு” என்றார் அவர்.

டிவியில் இருபத்தைந்து ஆடும் நேரத்தில் பூமியில் இருபத்து நான்குதான். ஏன்? எனக்குத் தெரியவில்லை. இயற்பியலில் முதுகலை படித்தவன். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பாஷா பாய் கடைக்குப் போனேன். கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

“இதுக்கா சார் வெயில்ல ஓடியாந்தீங்க? அந்தக் காலத்துப் படம் பிலிம்ல எடுத்தது சார். கொட்டகைல பிலிமு செகண்டுக்கு இருபத்தி நாலு படம் ஓடும். நம்மூர் டிவி இருபத்தஞ்சு காட்டும். பிலிம அப்டியே கேசட்டுல ஏத்திடுவாங்க. கொஞ்சம் வேகமா ஓடும். சினிமாப் படம் கேசட்டுல சீக்கிரம் முடிஞ்சுடுமே, பாத்ததில்லியா நீங்க?”

“சினிமா பாக்கறதில்ல பாய்.”

“அதான் சார் உங்க பிரச்சினை.”

திரும்பி வந்தபோது பதினொன்றே முக்கால். தனலட்சுமி தலைமையாசிரியை அறைக்கு வெளியே நோட்டோடு நின்றிருந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டதால் மற்ற ஐந்து குழுவிலிருந்தும் ஒவ்வொருத்தி அங்கே வரிசையாக நின்றார்கள். வாட்சைப் பார்க்கவே இல்லையா என்று கேட்டேன். “பாத்தோம் சார்” என்றாள் ஒருத்தி. “நாப்பத்தெட்டுதான் வந்துச்சு. ஆனா போன வருஷத்து அக்காங்க நோட்டுல அம்பதுன்னு இருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க.”



உள்ளே போய் பாஷா பாய் சொன்னதைச் சொன்னேன். தலைமையாசிரியை தனலட்சுமியின் நோட்டை என் பக்கம் திருப்பினார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

“சார், அடிச்சத அழிக்க முடியாதா?” என்று கேட்டாள் தனலட்சுமி. அந்தப் பக்கம் அசிங்கமாக இருக்கிறதே என்ற கவலைதான் அவளுக்கு.

“அழிக்க வேண்டாம்” என்றார் தலைமையாசிரியை. தம் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். கோட்டுக்குக் கீழே எழுதினேன்: ‘இந்த அளவு சரி. அடித்தது என் தவறு.’ அதற்கு ஒரு கையெழுத்து. பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. என் பணிக்காலத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு கையெழுத்துப் போட்டது அன்றுதான். மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. அவள் நோட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எழுதத் தொடங்கவில்லை.

“இதுக்கு முன்னாடி எத்தனை நோட்டுல ஐம்பதுன்னு இருக்கு?”

“முதல் வருஷம் நாப்பத்தொன்பது, அடுத்து அம்பத்து நாலு, போன வருஷம் அம்பத்து மூணு. நூத்தி அம்பத்தாறு மேடம்.”

“இதை மட்டும் உடனே சொல்லிட்டேளே” என்றார். பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார்.

தனலட்சுமி செய்முறைத் தேர்வு எழுதினாள். ஆங்கிலத்திலும் தேறினாள். பிளஸ் டூ முடித்து ஊரிலேயே கல்லூரியில் சேர்ந்தாள் என்பது வரை தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்பதாம் எண் கேசட்டை அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் போட்டேன், நாடா தேய்ந்து குண்டு மழையில் ஆடுவதுபோல் தெரியும்வரை. ஆனால் பக்கத்தில் நம் குண்டைத் தொங்கவிடாமல் போட்டதில்லை. கோடு போட்டுப் பிணைக்கும் வேலை பிள்ளைகளுடையது. நான் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். படம் முடிந்து போய்ச் சொல்லும்போது, தலைமையாசிரியை கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு பாடத்தில் மட்டும் என்னிடம் ஓர் எண் இருக்கும். கடைசியில் எத்தனை பேர் “ஏன் சார் ஒண்ணு மீந்துச்சு?” என்று கேட்டார்களோ, அதுதான் அந்த எண்.

போன வாரம் அந்தப் புதுத் திரையைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, படிகள் இப்போது நூற்றுப் பன்னிரண்டு. நடுவில் இரண்டு இடங்களில் நின்றேன். ஆசிரியை விரலால் தொட்டார், ஒரு மீட்டர் ஊசல் ஆடியது. வண்ணப் படம், அழகாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் வீட்டிலிருந்து ஒரு நூலும் பூட்டுச் சாவி ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். திரைக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி போடச் சொல்லி, இரண்டு பேரைப் பலகையில் கோடு போட வைத்தேன். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஒன்றும் மிஞ்சவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

“சரியா இருக்குது, இல்ல சார்?” என்றார் ஆசிரியை.

“இருக்குதும்மா.”

அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “சார், உங்க நூலு கரெக்டா ஒரு மீட்டர்தானா?”

அவளுடைய ஆசிரியை பல்லைக் கடிப்பது தெரிந்தது. நான் நூலை ஆணியிலிருந்து கழற்றி, சாவியோடு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் ஸ்கேலை வாங்கிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு அளக்க ஆரம்பித்தாள். அவள் அளந்து முடிக்கும்வரை நான் எதையும் எண்ணவில்லை.